வானம் மாறினால் வயல் என்ன செய்யும்?

தெலுக் பங்லிமா காராங் என்னும் எங்கள் ஊரை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் செம்பனை. ஒரு பக்கம் தொழிற்சாலைகள். பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. இந்தப் பக்கத்தில் நெல் வயல் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஆயினும் மூன்று வேளையில் இரண்டு வேளையாவது சோறு உண்ணாத வீடு இங்கே உண்டா? இல்லை. அப்படியானால் நமக்கும் நெல் வயலுக்கும் என்ன தொடர்பு? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். கடைகளில் உள்ளூர் வெள்ளை அரிசிப் பை கிடைக்காமல் நாம் கடை கடையாக அலைந்தோம். இறக்குமதி அரிசியின் விலை, டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஒரே தாவலாகத் தாவியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூலை 20-ஆம் நாள், பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாடுகளுக்கு அனுப்புவதை இந்தியா நிறுத்தியிருந்தது. பருவமழை ஒழுங்காகப் பெய்யவில்லை. எல் நினோ வருகிறது என்ற அச்சம் வேறு. தன் மக்களுக்கு அரிசி போதாமற் போகுமோ என்று ஒரு நாடு கவலைப்பட்டது. அந்தக் கவலை கடல் கடந்து வந்து நம் உலைப்பானையைத் தொட்டது. அந்தத் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. ஆனால் அது கற்றுத் தந்த பாடம் நீங்கவில்லை. நம் நாட்டு அரிசித் தேவையில் ஒரு பெரும் பங்கை நாம் வெளியிலிருந்து வாங்குகிறோம். எங்கோ ஒரு வயலில் மழை தவறினால், இங்கே நாம் விலை கொடுக்கிறோம்.

ஆகவே, வானம் மாறும்போது நெல் உழவர் என்ன செய்கிறார் என்பது உழவர் வீட்டுக் கதை மட்டுமன்று. நம் வீட்டுக் கதையும் ஆகும்.

முதலில் நெற்பயிரின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம். குறுகிய வயதுடைய நெல், விதைத்ததிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ நூற்றுப் பத்து, நூற்று இருபது நாள் வாழ்கிறது. இந்த நாள்களை மூன்று பருவங்களாகப் பிரிக்கலாம். முளைத்துத் தூர் கட்டும் பருவம் ஒன்று. பொதி கட்டிப் பூக்கும் பருவம் மற்றொன்று. பால் பிடித்து மணி முற்றும் பருவம் மூன்றாவது. முதற் பருவத்தில் சேறு வேண்டும்; தண்ணீர் வேண்டும். நடுப் பருவத்தில் தண்ணீரோடு மிதமான வெப்பமும் வேண்டும். கடைசிப் பருவத்தில் வெயில் வேண்டும்; வயல் காய வேண்டும். இந்த வரிசை மாறிப் போனால் பயிர் தடுமாறும். முளைக்கும்போது வறட்சி வந்தால் நாற்று கருகும். அறுக்கும்போது மழை வந்தால் கதிர் சாய்ந்து, நிலத்திலேயே முளை விடும்.

பூக்கும் நேரந்தான் மிகவும் மென்மையான நேரம். நெற்பூ காலையில் ஓரிரு மணி நேரந்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகைக்கு மேல் ஏறினால் மகரந்தம் செயலிழக்கும், மணி பிடிக்காது. வெளியில் பார்க்கக் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதர். பகல் வெப்பத்தைப் போலவே இரவு வெப்பமும் பயிரை வாட்டுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் வயல்களில் பல ஆண்டுகள் எடுத்த கணக்கை 2004-இல் வெளியிட்டார்கள். கோடைப் போகத்தில் இரவின் வெப்பம் ஒரு பாகை கூடினால் விளைச்சலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பகலில் சேர்த்த உணவை இரவில் பயிர் மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

இனி, உழவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். அவர் கையில் மூன்று கருவிகள் இருக்கின்றன. ஒன்று நாள், இரண்டு விதை, மூன்று தண்ணீர். எப்போது விதைப்பது, எதை விதைப்பது, எவ்வளவு நீர் பாய்ச்சுவது என்னும் இம்மூன்றையும் மாற்றி மாற்றித்தான் அவர் வானத்தோடு உடன்பாடு செய்துகொள்கிறார்.

நம் நாட்டின் பெரிய நெற்களஞ்சியம் கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் உள்ள மூடா சமவெளி என்பது நீங்கள் அறிந்ததே. ஏறத்தாழ ஓர் இலட்சம் எக்டர் பரப்பு. மூடா, பெடு என்னும் அணைகள் கட்டப்பட்ட பின், 1970-ஆம் ஆண்டு முதல் அங்கே ஆண்டுக்கு இரண்டு போகம் விளையத் தொடங்கியது. அணை வந்துவிட்டது, இனி வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை என்று பலர் எண்ணினார்கள். ஆனால் அந்த வயல்களுக்குப் பாயும் நீரில் ஏறக்குறையப் பாதி நேரே பெய்யும் மழைதான். 1978-இல் கடும் வறட்சி வந்தது. அணைகளில் நீர் இறங்கியது. அந்த ஆண்டின் கோடைப் போகத்தையே கைவிட நேர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஒரு போகத்து வருமானம் இல்லை. அணை கட்டிய பத்தாண்டுக்குள் வந்த சோதனை இது.

இந்தச் சோதனைக்கு உழவர் தேடிய விடைகளுள் முக்கியமானது நேரடி விதைப்பு. நாற்றங்கால் போட்டு, நாற்றுப் பறித்து, சேற்றில் நடும் முறையை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். அதற்கு வயலை நன்றாக ஊற வைக்கவே பெருமளவு நீர் செலவாகும். அணையிலிருந்து நீர் வரும் வரை காத்திருக்கவும் வேண்டும். மாறாக, புழுதியாக உழுத நிலத்தில் விதையைத் தூவிவிட்டால், கோடை மழையின் முதல் ஈரத்திலேயே அது முளைத்துக்கொள்ளும். வாய்க்கால் நீர் வரும்போது பயிர் முழங்காலளவு நிற்கும். நீரும் மிச்சம், நாளும் மிச்சம், நடவுக்கு ஆள் தேடும் தொல்லையும் இல்லை. 1980-களில் மூடாவின் பெரும்பாலான வயல்கள் இம்முறைக்கு மாறின.

நம் முன்னோர் ஊரிலும் இது புதிதன்று. இராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புழுதியில் நெல் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கெடாவின் மலாய் உழவரும் இராமநாதபுரத்துத் தமிழ் உழவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனால் ஒரே வறட்சி இருவருக்கும் ஒரே விடையைக் கற்றுக்கொடுத்தது.

ஆனால் நேயர்களே, ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு திறந்துகொள்கிறது. இதை விளங்கிக்கொள்ள நாம் கெடாவுக்குப் போக வேண்டாம். நம் சிலாங்கூரிலேயே தஞ்சோங் காராங் வரை போனால் போதும். எங்கள் ஊரிலிருந்து வடக்கே, கோல சிலாங்கூரைக் கடந்து கடற்கரையோரமாகச் சென்றால், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று வயல் விரிந்து கிடக்கிறது. பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு நாங்கள் அங்கே ஒரு நாள் போனோம். வாய்க்கால் கரையில் ஒரு முதியவர் களை பறித்துக்கொண்டிருந்தார். அவர் பறித்துப் போட்டதைப் பார்த்த ஒரு சிறுமி, "பாக்சிக், இது நெல்தானே, ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு ஒரு கதிரை அவள் கையில் கொடுத்து, "ஊதிப் பார்" என்றார். அவள் ஊதினாள். மணிகள் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. "இதுதான் பாடி ஆங்கின்" என்றார் அவர்.

பாடி ஆங்கின் என்றால் காற்று நெல். காற்றடித்தாலே உதிர்ந்துவிடுவதால் அந்தப் பெயர். நெல்லைப் போலவே முளைக்கும். நெல்லைப் போலவே வளரும். ஆனால் அறுவடைக்கு முன்பே உதிர்ந்து மண்ணுக்குள் போய்விடும். அடுத்த போகத்தில் அதுவே முந்திக்கொண்டு முளைக்கும். நம் நாட்டில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1988-இல், இந்தத் தஞ்சோங் காராங் பகுதியில்தான். நடவு முறையில், வயலில் நிற்கும் நீர் இந்தக் களையை முளைக்கவிடாமல் அடக்கும். வரிசை தப்பி நிற்பதைக் கண்டுபிடிப்பதும் எளிது. நேரடி விதைப்பில் இரண்டும் ஒன்றாகவே முளைக்கின்றன. எது பயிர், எது களை என்று தெரிவதில்லை. நீரைச் சேமிக்க எடுத்த வழியே களைக்கு வழிவிட்டது.

அதற்கு மாற்று, குறிப்பிட்ட களைக்கொல்லியைத் தாங்கும் நெல் வகை ஒன்று 2010-இல் வந்தது. சில ஆண்டுகள் நல்ல பலன் தந்தது. பிறகு களையும் அந்த மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. ஆகவே, இன்று செகிஞ்சான் பக்கத்து உழவர் பலர் மீண்டும் நடவுக்கே திரும்பியிருக்கிறார்கள். முதுகு வளைத்து நடும் நடவு அன்று. தட்டுகளில் நாற்று வளர்த்து, இயந்திரத்தால் வரிசையாக நடும் நடவு. பழைய முறைக்குத் திரும்புவது தோல்வி ஆகாது. எது எப்போது பொருந்துமோ அதை அப்போது எடுத்துக்கொள்வதே உழவரின் அறிவு.

அடுத்து விதை. இதில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. முற்காலத்து நெல் வகைகளிற் பல, பகற்பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும். அதனால் ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்தது. அந்த ஒன்று மழை தவறிப் போனால் அடுத்த ஆண்டு வரை வேறு வழியில்லை. எந்தக் காலத்தில் விதைத்தாலும் உரிய நாளில் பூக்கும் நெல் தேவைப்பட்டது. 1950-களில் இந்தியாவின் கட்டாக் நகரில், ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் ஒட்டுச் சேர்க்கை நடந்தது. மலாயாவின் மாயாங் ஏபோஸ் என்னும் நெல்லையும் தைவானின் தைச்சுங் 65 என்னும் நெல்லையும் சேர்த்துப் பிறந்த வித்திலிருந்து, 1965-இல் இங்கே மசூரி என்னும் நெல் வெளியிடப்பட்டது. அது மீண்டும் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குச் சென்றது. அங்கே அதற்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? பொன்னி. அதிலிருந்து தெரிந்தெடுத்த வெள்ளைப் பொன்னி 1986-இல் வெளிவந்தது. கிள்ளான் கடைத்தெருவில், ஊர் அரிசி வேண்டும் என்று கேட்டு நாம் வாங்கிவரும் பொன்னி அரிசி, உண்மையில் இந்த மண்ணின் நெல் ஒன்றுக்குப் பேரப்பிள்ளை!

வெள்ளத்தைத் தாங்கும் விதையின் கதையும் கேட்கத் தக்கது. நெல் நீரில் வாழும் பயிர் என்றாலும், முழுக்க மூழ்கிவிட்டால் ஒரு வாரம் கடந்து தாங்காது. மூச்சு முட்டி, நீருக்கு மேலே தலை நீட்டவே சத்தையெல்லாம் செலவிட்டு மடிந்துவிடும். ஒடிசா மாநிலத்தின் பழைய நெல் ஒன்று அப்படித் துடிப்பதில்லை. வெள்ளம் வந்தால் வளர்ச்சியை நிறுத்திவிட்டு உறங்குவது போல் அடங்கிக் கிடக்கும். நீர் வடிந்ததும் எழுந்துகொள்ளும். அந்தப் பண்பைத் தரும் மரபுக்கூற்றை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, உழவர் விரும்பிப் பயிரிடும் சுவர்ணா என்னும் வகையில் சேர்த்தார்கள். 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட அந்த நெல், இரண்டு வாரம் வரை நீருக்குள் தாங்கி நிற்கிறது. உழவர்கள் கைவிடாமல் காத்து வந்த பழைய விதை, பிற்காலத்தில் இலட்சக்கணக்கான ஏக்கரைக் காத்தது. பழைய விதைகளை ஏன் பாதுகாக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா?

மூன்றாவது தண்ணீர். வயலில் எப்போதும் நீர் நிற்க வேண்டும் என்பதே நம் பழைய எண்ணம். அது தேவையில்லை என்று இப்போது கண்டிருக்கிறார்கள். ஓர் அடி நீளமுள்ள குழாயில் துளைகள் இட்டு, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் புதைப்பார்கள். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மேல்மண் காய்ந்தாலும் கவலையில்லை. நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் நாள்களில் மட்டும் நீரைக் குறையவிடக் கூடாது. இப்படிக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால், நூற்றுக்கு முப்பது பங்கு வரை நீர் மிஞ்சும், விளைச்சல் குறையாது. தேங்கிய சேற்றிலிருந்து எழுந்து புவியைச் சூடேற்றும் மீத்தேன் வாயுவும் குறைகிறது.

நாள், விதை, தண்ணீர் ஆகிய மூன்றையும் சொன்னோம். ஆனால் இம்மூன்றையும் தனி ஒருவர் மாற்றிவிட முடியுமா? இதுதான் நாம் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி.

தஞ்சோங் காராங் பெரியவரிடம், "மழை தள்ளிப் போனால் நீங்களும் தள்ளி விதைக்கலாமே" என்று நாங்கள் கேட்டோம். அவர் தலையை ஆட்டினார். "நான் மட்டும் தள்ளி விதைத்தால், எல்லாரும் அறுத்த பிறகு என் வயல் ஒன்றுதான் பச்சையாக இருக்கும். அந்த வட்டாரத்து எலியும் குருவியும் பூச்சியும் என் வயலுக்கே விருந்துக்கு வரும். அவை இங்கே தின்று பெருகி, அடுத்த போகத்தில் பக்கத்து வயலுக்குப் போகும். என் தவறு அவருக்கும் நட்டம்" என்றார். வாய்க்கால் நீர் பொதுச் சொத்து, பூச்சியும் அப்படித்தான். வட்டாரம் முழுவதும் கூடிப் பேசி, ஒரே அட்டவணையில் விதைத்து, ஒரே அட்டவணையில் நீரை வடித்தால்தான் மாற்றம் பயன் தரும்.

காவிரிப் படுகையில் நடப்பதும் இதுவே. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பது வழக்கம். அந்த நாளை வைத்துத்தான் தஞ்சை உழவர் குறுவையும் சம்பாவும் தாளடியும் கணக்கிட்டார்கள். ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. 2022-இல் நீர் நிறைந்து மே 24-இலேயே திறந்தார்கள்; 2024-இலோ ஜூலை 28 ஆகிவிட்டது. நாள் தவறினால் பல உழவர் குறுவையை விட்டுவிட்டு, ஒரே போகமாகச் சம்பாவை நேரடியாக விதைக்கிறார்கள். இரண்டு போகம் ஒன்றாகச் சுருங்கும்போது, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் கூலிக்கு நடவு நட்டவரும் முதலில் அடிபடுகிறார்கள். நிலமுடையவர் ஒரு போகத்தை இழந்தாலும் நிலம் இருக்கும். கூலிக்காரருக்கு அந்த நாள்கள் திரும்பி வருவதில்லை. பழகிக்கொள்கிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யார் விலை கொடுத்துப் பழகிக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வயலுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தஞ்சோங் காராங் வயல்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? பெர்ணம் ஆற்றிலிருந்து வருகிறது. அதோடு, வயல்களுக்குப் பின்னால் வடக்குச் சிலாங்கூரின் பெரிய சதுப்புக் காடு இருக்கிறது. அங்கே கரிச்சதுப்பு நிலம், பஞ்சு போல மழைநீரை உறிஞ்சி வைத்து, வறண்ட மாதங்களில் சிறிது சிறிதாக விடுகிறது. அதில் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், அந்தப் பஞ்சு காய்ந்து தீப்பிடிக்கும். ராஜா மூசா காட்டில் அப்படி எரிந்த பகுதிகளைப் பின்னர் கால்வாய் அடைத்து, மரம் நட்டு மீட்க வேண்டியதாயிற்று.

இது நமக்குத் தொலைவுச் செய்தி அன்று. எங்கள் கோல லங்காட் மாவட்டத்திலும் அதே கரிச்சதுப்பு மண் இருக்கிறது. வறண்ட மாதங்களில் ஜொஹான் செத்தியா பக்கம் புகை எழுந்து, பள்ளிப் பிள்ளைகள் இருமிக்கொண்டு வருவதை நாம் பார்த்திருக்கிறோம். பிறகு 2021 டிசம்பரில் ஒரே மழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியதையும் பார்த்தோம். ஒரு பருவத்தில் புகை, ஒரு பருவத்தில் வெள்ளம். நீரை ஏந்தும் நிலத்தை இழந்தால் இரண்டும் கடுமையாகும். கேரித் தீவின் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் ஏறாமல் காக்கும் கரையில் ஓரிடம் உடைந்தால் உள்ளே எல்லாருக்கும் ஆபத்து என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

ஆகவே, நேயர்களே, நாம் செய்யக்கூடியது என்ன? காய்ந்த சருகையும் சதுப்பு நிலத்தையும் கொளுத்தாமல் இருக்கலாம். சதுப்புக் காடு வெறும் நிலம் என்று யாராவது சொன்னால், அது நம் சோற்றுக்கு நீர் தரும் காடு என்று எடுத்துச் சொல்லலாம். பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு ஒரு மழைமானி அமைத்து, நாள்தோறும் பெய்யும் மழையை ஏட்டில் எழுதச் செய்யலாம். ஓர் ஆண்டு எழுதினால் அது கணக்கு. பத்தாண்டு எழுதினால் அது ஊரின் வரலாறு. வீட்டில் சோற்றை வீணாக்காமல் இருக்கலாம். ஒரு பிடி சோற்றைக் கொட்டும்போது, யாரோ ஒருவர் குழாய்க்குள் எட்டிப் பார்த்துச் சேமித்த நீரையும் சேர்த்துக் கொட்டுகிறோம்.

தஞ்சோங் காராங்கிலிருந்து திரும்பும் வழியில், அந்தச் சிறுமி ஊதிய கதிரின் வெறுங்காம்பைக் கையிலேயே வைத்திருந்தாள். "அந்தப் பாக்சிக் இதை எல்லாம் எப்போது பிடுங்கி முடிப்பார்?" என்று கேட்டாள். முடிக்க மாட்டார் என்று நாங்கள் சொன்னோம். ஒவ்வொரு போகமும் புதிதாகத் தொடங்க வேண்டிய வேலை அது. வானம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப உழவரும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அவரைத் தனியே விட்டுவிடாமல் இருப்பது, உண்பவர்களாகிய நம் கடமை.